கல்லில் ஒரு பெயர்

பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனம் வந்து, ரயிலேறி எழும்பூரில் இறங்கினோம். அம்மாவின் பாத வெடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது. முப்பது வருட உப்புத் தண்ணீர். மருத்துவர் மாலையில்தான் வருவார் என்றார்கள். அதுவரை உட்காரலாம் என்று, 1851இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள்.

"கோயில் இல்லம்மா."

"சாமி இருக்குதுல்ல."

சிவன், விஷ்ணு, துர்க்கை, தீர்த்தங்கரர், நாகப்பட்டினத்துப் புத்தர் எல்லோரும் ஒரே வளாகத்தில். தீட்டு நாட்களை எண்ணி ஒதுங்கியே பழகியவள் துர்க்கைக்கு எதிரே நின்று, "இவ்ளோ கிட்டத்துல யாரு நம்மள விட்டா?" என்று சிரித்தாள்.

அமராவதிச் சிற்பங்கள் கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த சுண்ணாம்புக்கல் பலகைகள். பழைய பலகைகளில் புத்தருக்கு உருவம் இல்லை. வெற்று இருக்கை, சக்கரம், பாதச்சுவடு.

"கால மட்டுமா கும்புடுறாங்க?" என்றவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஸ்தூபிக்குக் கல் கொடுத்தவர்களில் பிக்குணிகளும் குடும்பப் பெண்களும் உண்டு, பிராமி எழுத்தில் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள், மகளோடு சேர்ந்து கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"எத்தினி வருசம் ஆவுது?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "நம்ம அளத்துல எம் பேரு எங்கனா இருக்குதா?"

இல்லை. அப்பா பாத்தியில் உப்பு வாருவார், அம்மா கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். அவளுக்குக் கூலி குறைவு. அதுவும் அளத்து நோட்டில் அப்பா பெயரில்தான் ஏறும். தொழிலாளர் அட்டையும் அவருடையது. மழைக்காலத்தில் உப்பளக் குடும்பங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாயும் அவர் செத்ததோடு நின்றுபோனது. இவள் வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். எனக்கும் இருபது வயதுவரை அது 'அப்பாவின் வேலை'தான். பள்ளி விண்ணப்பங்களில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியவள் நான்தான்.

மருத்துவர், ஆறு மாதம் உப்புத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "தையில அளம் தொறந்துடுவாங்களே" என்றாள்.

மறுவாரம் அவள் பேரில் அட்டைக்கு விண்ணப்பித்தோம். தொழில்: உப்பளத் தொழிலாளி. இந்த முறை சரியாக எழுதினேன். பெயரை மட்டும் அவளையே எழுதச் சொன்னேன். நான்கு எழுத்து; வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. தை பிறந்துவிட்டது. அம்மா பாத்தியில் நிற்கிறாள்.