செல்லாத பத்திரங்கள்

ஓய்வு பெற்றவர்கள் தபால்தலை சேர்ப்பார்கள், பழைய காசு சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது செல்லாத பங்குப் பத்திரங்கள். அதிலும் சுரங்கக் கம்பெனிகளுடையது மட்டும். நாணயக் கண்காட்சிகளிலும் பழைய காகித வியாபாரிகளிடமும் வாங்கியவை, மொத்தம் இருபத்து மூன்று. திருத்தங்கலில் மகள் வீட்டோடு வந்தபோது துணிமணிக்கு முன்னால் அந்த ஆல்பத்தைத்தான் பெட்டியில் வைத்தேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். குமாஸ்தா உத்தியோகத்தில் அந்தப் படிப்பு அதிகம் உதவவில்லை. இப்போது உதவுகிறது. 1888-இல் தொடங்கிய தோங்கின் நிலக்கரிக் கம்பெனியின் பத்திரம் ஒன்று என்னிடம் உண்டு. வியட்நாமின் ஹோங்காய் சுரங்கம் அவர்களுடையது. 'ஓ போர்த்தேர்' என்று அதில் போட்டிருக்கும். கையில் வைத்திருப்பவனே சொந்தக்காரன் என்று அர்த்தம், பெயரே கிடையாது. ஓரத்தில் சின்னச் சின்னக் கூப்பன்கள். லாபப் பங்கு அறிவித்தால் ஒன்றை வெட்டிக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும். வெட்டாமல் மிச்சமிருக்கும் கூப்பன்களைப் பார்த்தாலே, பணம் வருவது எங்கே நின்றது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மருமகன் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த பார்டர் கோடெல்லாம் கள்ளத்தாள் அடிக்க முடியாதபடி போட்டது" என்றார். பட்டாசு லேபிள் பார்த்துப் பழகிய கண்!

1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் ஒரே அமளி. கம்பெனி மேல் கம்பெனி தொடங்கினார்கள். சில வருடங்களில் எல்லாம் அடங்கிப்போனது. தங்கம் கிடைக்காத கம்பெனிகள்தான் பத்திரத்தை அழகாக அச்சடித்தன என்பது என் அபிப்பிராயம்.

தங்கம் கிடைத்தது கோலாரில். மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி 1880-இல் வந்தது. பிறகு சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க். நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ், பங்குதாரர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில். தோண்டியவர்களில் பெரும்பகுதி நம் வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஜனங்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 2001 பிப்ரவரி 28-இல் மூடிவிட்டார்கள்.

என் மனைவி அங்கே பிறந்தவள். மாமனாருக்கு சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டு வேலை; கடைசிக் காலத்தில் மூச்சுவிடவே சிரமப்பட்டார். சாம்பியன் ரீஃப் பத்திரத்தை நான் பெருமையாகக் கொண்டுவந்து விரித்தபோது, அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயர், அழகான கையெழுத்து, முத்திரை.

"இதுல எங்கப்பா பேரு எங்கேங்க இருக்கு?" என்றாள்.

பங்குதாரர் பெயர்தான் இருக்கும் என்று விளக்கினேன். அது அவளுக்குத் தெரியாததா? 1930-இல் கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னதற்காக அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள் என்று சொன்னேன். "எங்க தாத்தாவும் அதுல இருந்திருப்பாரு" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மாமனாரின் சம்பளச் சீட்டு ஒன்று அவளிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, பெயரும் எண்ணும் பாதி அழிந்தது. ஆல்பத்தில் அந்தப் பத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் வைக்கலாம், கொடு என்று போன மாதம் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். அவள் அம்மாவின் கூறைப்புடவை மடிப்பில்தான் இன்னும் இருக்கிறது.