மருந்து என்னும் நஞ்சும் சவுக்கார நீரும்

ஒரு சொல் தன் பொருளுக்கு நேர்மாறான பொருளையும் சுமந்து நிற்பதுண்டு. ‘மருந்து’ என்பது அத்தகையது. நோய் தீர்ப்பதையும் மருந்து என்கிறோம். பூச்சியைக் கொல்லத் தெளிப்பதையும் மருந்து என்கிறோம். “வயலுக்கு மருந்தடிக்கப் போயிருக்கிறார்” என்று இயல்பாய்ச் சொல்லும் அதே வாய், “மருந்தைக் குடித்துவிட்டானாம்” என்று அழுகையோடு உரைப்பதையும் புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களில் கேட்டிருக்கிறேன். சொல்லின் இனிமை பொருளின் கொடுமையை மறைத்துவிடுகின்றது. பூச்சிக்கொல்லிப் புட்டி அடுக்களை மாடத்தில் உப்புச் சாடிக்கு அருகே இடம்பெறுவதும் இச்சொல் மயக்கத்தின் விளைவே எனலாம்.

மொழியாசிரியனுக்குப் பூச்சியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் வினவக்கூடும். என் வீட்டின் பின்புறம் மூன்று சென்ட் செம்மண் நிலம் உண்டு. கத்தரி, வெண்டை, ஒரு முருங்கை, ஓர் அவரைப் பந்தல் ஆகியனவே அங்குள்ள செல்வம். சில ஆண்டுகளுக்கு முன் மார்கழியில் என் மகள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவரையின் இளந்தளிரும் பூங்கொத்தும் கருநிற அசுவினியால் மூடிக் கிடந்தன. கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து வைத்து, “அடிச்சதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் காய் பறிக்காதீங்க சார்” என்றார். அவரைப் பந்தலோ ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டியது. வயலில் ஒரே நாளில் அறுவடை செய்வோர் காத்திருக்கலாம். அன்றாடம் கறிக்குப் பறிக்கும் வீட்டுத் தோட்டத்தில் காத்திருப்பு நாள் என்பது நடவாத காரியம். அக்காயை உண்பதோ ஓருயிரன்று, ஈருயிர். புட்டியை வாங்காமல் திரும்பினேன்.

என் தாயார் காலத்தில் அவரைக்கு மருந்து அடுப்புச் சாம்பல்தான். பனியீரம் உலருமுன் விடியலில் தூவிவிடுவார். எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலுக்கு எங்கே போவது? இதனை விலங்கியல் துறை நண்பரிடம் கூறினேன். “சாம்பல் இல்லையென்றால் என்ன, சவுக்காரம் இருக்கிறதே” என்றார்.

அவர் கூற்றில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. சவுக்காரம் என்பது எண்ணெயும் காரமும் கூடிப் பிறந்த பொருள். கடற்கரை உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் ‘அல்கலீ’ என்றனர். உலக வேதியியல் இன்று வழங்கும் ‘அல்கலி’ அச்சொல்லே. நம் கீழைக் கடற்கரையில் வளரும் உமரிச் செடியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹலப் நகரத்தாரும் நாப்லுஸ் நகரத்தாரும் ஒலிவ எண்ணெயில் காய்ச்சிய சவுக்காரம் நூற்றாண்டுகளாகப் புகழ் பெற்றது. அதனை அரபியர் ‘ஸாபூன்’ என்பர். என் தாயாரின் சாம்பலும் கடைச் சவுக்காரமும் உறவினர் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

சவுக்கார நீர் பூச்சியைக் கொல்லும் விதம் எளியது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மென்னுடல் பூச்சியின் மேல்தோல் மெழுகைக் கலைத்து, உயிரணுப் படலத்தைச் சிதைத்து, உடல் நீரை வற்றச் செய்கின்றன. ஈரமாய்ப் பூச்சியின் மேல் படும்போது மட்டுமே அதற்கு ஆற்றல். உலர்ந்தபின் இலையில் எஞ்சி நின்று கொல்லாது. அதன் குறையும் இதுவே, பெருமையும் இதுவே. அன்று மாலை தெளித்த கொடியில் மறுநாள் காலை பறித்து, நன்கு கழுவிச் சமைக்கலாம்.

செய்முறையைக் கூறுகிறேன். உண்மையான சவுக்காரக் கட்டியை 5 முதல் 10 கிராம் வரை சீவி, சிறிது வெந்நீரில் கரைத்து, ஒரு லிட்டராக்க வேண்டும். சலவைத்தூள் கூடாது, அது இலையைக் கருக்கும். உப்புச் சுவையுள்ள ஆழ்குழாய் நீரில் சவுக்காரம் நுரையாமல் திரிந்துபோகும். ஊருணி நீரோ மழைநீரோ நன்று. முதலில் நான்கைந்து இலைகளில் தெளித்து, ஒருநாள் பொறுத்துப் பார்த்தபின் செடி முழுதும் தெளிக்கலாம். வெயில் தாழ்ந்தபின், பூச்சிகள் பதுங்கும் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தல் வேண்டும். முட்டைகள் தப்பிவிடுமாதலால் ஐந்தாறு நாள் இடைவெளியில் இருமுறையேனும் மீண்டும் தெளிக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் சேர்த்தால் பயன் மிகும்; நீரோடு கலவாத எண்ணெயைக் கலக்கச் செய்வதும் சவுக்காரமே.

அந்த வேம்பின் பெருமையைத் தமிழ்நாட்டுப் பாட்டிமார் அறிந்திருந்தும், வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஓர் அமெரிக்க நிறுவனத்திற்கும் அந்நாட்டு வேளாண் துறைக்கும் உரிமை வழங்கியது. வழக்காடிய பின்னரே 2000ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. நம் அறிவை நாமே மதியாவிடில் பிறர் உரிமை கொண்டாடுவர் என்பதற்கு இது சான்று.

சவுக்கார நீர் சர்வரோக நிவாரணி அன்று. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன், சிலந்திப்பேன் ஆகியவற்றிற்கே அது எமன். கத்தரித் தண்டிலும் காயிலும் துளைத்துப் புகும் புழுவை அது தொடாது. வாடிய நுனித்தண்டைக் கிள்ளி அழிப்பதே அதற்கு வழி. அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டின் புழுவையும் சவுக்கார நீர் கொல்லக்கூடும். ஆதலின் பூச்சியுள்ள இடத்தில் மட்டும் தெளிப்பதே அறிவுடைமை. தொல்காப்பியர் எறும்புக்கு மூன்றறிவும் வண்டுக்கு நான்கறிவும் வகுத்தார். எந்த உயிர் பகை, எது நட்பு என்று பிரித்தறிவது ஆறறிவு படைத்தோர் கடன்.

நட்புயிர்களின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவேன். 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி முதலியவற்றையும் சூறையாடிற்று. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைச் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பட்டன. நஞ்சு அடக்காத பூச்சியைக் கண்ணுக்குப் புலப்படாத அக்குளவி அடக்கியது.

மறுபுறம் 2017ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலத்து யவத்மாலில் பருத்திக்கு நஞ்சு தெளித்த உழவரும் கூலியாட்களும் இருபதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். இயற்கை வேளாண்மைக்கு உழைத்த நம்மாழ்வார் (1938–2013), கொல்வதை விட்டு விரட்டுவதைக் கற்பித்தார். ஆடு தின்னாத தழை, ஒடித்தால் பால் வடியும் தழை, கசக்கும் தழை ஆகியவற்றை ஊறவைத்த சாற்றைப் ‘பூச்சிவிரட்டி’ என உழவர் வழங்குகின்றனர். அவரோடு தொடர்புடைய ‘குடும்பம்’ அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை நம் மாவட்டத்து ஓடுகம்பட்டியில் உள்ளது. மாணவர்கள் ஒருமுறையேனும் அங்குச் சென்று வருதல் நலம்.

எங்கள் பந்தலில் மூன்று முறை தெளித்தபின் அசுவினி குறைந்தது, அடியோடு ஒழியவில்லை. எஞ்சியதைப் பொறிவண்டுகள் பார்த்துக்கொண்டன. தை மாதம் பேத்தி பிறந்தாள். அண்டை வீட்டார்க்கும் அவரைக்காய் கொடுத்தனுப்பினோம். கொடுப்பதில் ஐயமிருப்பின் அது கொடையாகாது. பிறர் கலத்தில் இடும் காயில் நஞ்சில்லை என்ற உறுதி எங்கள் இல்லத்தார்க்கு நிறைவளித்தது.

இளைய தலைமுறையினர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து மாடத்தில் அத்தகைய புட்டி இருக்குமாயின், அதனைப் பெரியோர் துணையுடன் பூட்டிய இடத்திற்கு மாற்றுங்கள். அதனை ‘மருந்து’ என்று அழைக்காதீர்கள். நஞ்சை நஞ்சென்றே சொல்லுங்கள். சரியான பெயரிட்டு வழங்கப்பட்ட பொருளை எவரும் உப்புச் சாடிக்கு அருகே வைக்கமாட்டார்.