பார்க்க யாரும் வராத நாடகம்

லண்டன்



சிறுவர்களுக்கு நாடகப் பட்டறை நடத்துகிறேன் என்று இங்கே தமிழ்ப் பெற்றோரிடம் சொன்னால், "எப்ப மேடையேத்துவியள்?" என்பதுதான் முதல் கேள்வி. மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, வசனம் பாடமாக்குவதும் இல்லை என்றதும் முகம் சற்று வாடும். அப்படியானால் பிள்ளை என்னதான் செய்யும்? விளையாடும். விளையாடுவதற்கா சனிக்கிழமைக் காலை நித்திரையைக் கெடுத்துக் கார் ஓட்டி வந்தோம் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டது போலவே இருக்கும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இங்கே தமிழ்ப் பள்ளிகள் பல, ஆங்கிலப் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து வார இறுதியில் நடப்பவை. வருடம் முழுக்க உழைத்ததற்குக் கண்முன்னே தெரியும் பலன் கலைவிழா ஒன்றுதான். ஆனால் அந்த மேடையில் நாடகம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஒப்புவித்தல். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த தமிழ் வசனம். ஒலிவாங்கிக்கு முன்னே வந்து சொல்லிவிட்டுப் பின்னே போய் நிற்பது. வன்னி அரசன் பண்டாரவன்னியனாக வெள்ளைக்காரனை வெருட்டிய பையன், கீழே இறங்கியதும் தாயிடம் நல்ல லண்டன் ஆங்கிலத்தில் சிப்ஸ் கேட்பான். நாங்கள் கைதட்டியிருப்போம்.

சின்னப் பிள்ளைகளை மேடையில் ஏற்றிக் காட்டாதீர்கள் என்ற வாதம் நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் வினிபிரெட் வார்ட் 1920களிலேயே, பிள்ளைகள் தாமே கதை கட்டி நடிப்பதையும் அவர்களுக்காக அரங்கில் போடும் நாடகத்தையும் பிரித்துப் பார்த்தார். இங்கிலாந்தில் பீற்றர் ஸ்லேட் 1954இல் எழுதிய 'சைல்ட் டிராமா'வும் அதே பக்கம்தான். எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர் டொரதி ஹீத்கோட்.

ஹீத்கோட் யோர்க்‌ஷயர்க்காரி. 14 வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போனவர். 19 வயதில் பிராட்ஃபோர்ட் நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தபோது, சரிவராவிட்டால் திரும்பி வா, உன் தறிகள் உனக்காகக் காத்திருக்கும் என்று ஆலை முதலாளி சொல்லி அனுப்பினாராம். அவரைப் பற்றி பிபிசி 1971இல் எடுத்த ஆவணப்படத்துக்கு 'மூன்று தறிகள் காத்திருக்கின்றன' என்று பெயர் வந்தது அதனால்தான். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமலே நியூகாசிலில் ஆசிரியர்களுக்குப் பல்லாண்டு பாடம் நடத்தி, 2011இல் காலமானார்.

அவர் செய்த பெரிய காரியம், ஆசிரியரையும் நாடகத்துக்குள் இழுத்ததுதான். வெளியே நின்று "நீ அரசன், நீ மந்திரி" என்று பங்கு பிரிக்காமல் தானும் ஒரு பாத்திரமாக உள்ளே வருவார். அதுவும் அரசியாக அல்ல. தூது கொண்டு வந்தவளாக, மேலே உள்ளவரிடம் கேட்டுத்தான் பதில் சொல்ல முடிகிற ஆளாக. தீர்மானம் பிள்ளைகளிடம் போய்விடும். எங்கள் ஊர் வாத்தியார் மரபில் வளர்ந்தவர்களுக்கு இது இலேசல்ல. பிரம்பைக் கீழே வைத்தாலும் குரலை வைக்க மனம் வராது.

என் பட்டறையை மண்டபத் தரையில் நாடா ஒட்டிக் கோடு போட்டு, ஓடுபவரை மறிக்கும் கிளித்தட்டு விளையாட்டோடு தொடங்குவேன். மறிக்கவும் ஏமாற்றவும் தெரிந்த உடம்புக்கு நடிப்பைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிறகு சால்வையைப் போர்த்துக்கொண்டு துணிப்பையோடு கதவுக்கு வெளியே போய்விடுவேன். திரும்பி வரும்போது நான் ஹீத்ரோவில் வந்து இறங்கிய ஓர் அப்பம்மா. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. கூட்டிப் போக வரவேண்டிய மகனைக் காணவில்லை. பிள்ளைகள் விமான நிலையத்துக்காரர்கள். யார் குடிவரவு அதிகாரி, யார் சக்கர நாற்காலி தள்ளுபவர், யார் தரை கூட்டுபவர் என்பதை அவர்களே முடிவுசெய்திருப்பார்கள்.

முதலில் எல்லோரும் ஆங்கிலத்தில் பொழிவார்கள். அப்பம்மா கைவிரிப்பார். இரண்டு நிமிடம் பெரிய தவிப்பு. பிறகு ஒரு பிள்ளை, "ரீச்சர், நீங்கள்..." என்று தொடங்கி, மற்றவர்களிடம் முழங்கையால் இடி வாங்கி, "அப்பம்மா, உங்கட மகன்ர பேர் என்ன?" என்று கேட்கும். வகுப்பில் இந்தக் கேள்வியைத் தமிழில் சொல் என்றால் கொப்பியைப் பார்க்கிற பிள்ளை அது. பரீட்சைக்கு வேண்டிய தமிழ் வேறு. வழி தெரியாமல் நிற்கும் கிழவிக்கு வேண்டிய தமிழ் வேறு. இலக்கணம் சறுக்கும். பரவாயில்லை, அப்பம்மாவுக்கு விளங்கினால் போதும்.

சுங்கப் பிரிவுப் பையன் என் பையைக் கிளறினான்.

"இது என்ன?"

"புழுக்கொடியல், மோனை."

"அது வெடிக்குமா?"

அவித்துக் காயவைத்த அந்தப் பனங்கிழங்கில் ஒன்றைக் கடித்துக் காட்டினேன். பல் உடையும் சத்தம் கேட்டு, ஆயுதம்தான் என்று தன் குறிப்பேட்டில் பதிந்துகொண்டான்.

சிரிப்பு மட்டும் அல்ல. ஒருநாள் குடிவரவு மேசையில் இருந்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. பெயர், ஊர், எத்தனை நாள் நிற்பீர்கள் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வந்தவள், தலை நிமிராமலே அடுத்ததைக் கேட்டாள்: "உங்களைத் திருப்பி அனுப்பினா உங்களுக்கு என்ன நடக்கும்?" அகதி விண்ணப்ப நேர்காணலுக்குப் போய் வந்த எவருக்கும் அந்தக் கேள்வி தெரியும். பிறந்ததிலிருந்து லண்டனில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று நான் விசாரிக்கவில்லை. வீடுகளில் சுவருக்கும் காது உண்டு. அப்பம்மா, "எனக்குத் தெரியாது பிள்ளை, நீ என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறாய்?" என்றார். அவள் எழுந்து போய்ச் சக அதிகாரிகளைக் கூட்டி மூலையில் மந்திராலோசனை நடத்தினாள். அப்பம்மாவை உள்ளே விடுவது, ஆனால் ஒருவர் கூடப்போய் மகனைக் கண்டுபிடித்து ஒப்படைப்பது என்று தீர்ப்பு வந்தது. பட்டறை நடத்துபவர் அந்த இடத்தில் மருத்துவர் வேடம் போடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளை பாத்திரத்துக்குள் நின்று கேட்டாள். பதிலும் பாத்திரத்திலிருந்தே போகவேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரரிடம் கற்றதா என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் அவருடைய 'கூடி விளையாடு பாப்பா' நாடகமும் சிறுவர் அரங்குக்கு எங்கள் மண்ணில் வழி போட்டவை. யுத்தத்துக்குள் க. சிதம்பரநாதன் போன்றோர் அரங்கை உள ஆற்றுப்படுத்தலுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்கே ஒரு பாடம். இங்கிலாந்திலோ 1988 கல்விச் சட்டத்தோடு வந்த தேசியப் பாடத்திட்டம் நாடகத்தைத் தனிப் பாடமாக வைக்காமல் ஆங்கிலத்துக்குள் ஒதுக்கிவிட்டது. ஹீத்கோட் பிறந்த நாட்டிலேயே இந்தக் கதி.

இப்போது எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழு, அப்பம்மா நாடகத்தைக் கலைவிழாவில் பத்து நிமிடம் போடலாமே என்கிறது. பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரே வசனத்தை இரண்டு தரம் சொல்ல மாட்டோம் என்றார்கள். விமான நிலையத்தில் பார்வையாளருக்குக் கதிரை ஏது என்றான் சுங்கப் பையன். கடைசியில் ஒரு நிபந்தனை எழுதிக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்: பெற்றோர் வரலாம், பயணிகளாகப் பெட்டியோடு வரிசையில் நிற்கவேண்டும், தொலைபேசியை வாசலில் ஒப்படைக்கவேண்டும், ஆங்கிலம் பேசினால் திருப்பி அனுப்பப்படுவார்கள். குழு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு தகப்பன் மட்டும் கார்த் தரிப்பிடத்தில் என்னை மறித்து, பெட்டிக்குள் கருவாடு வைக்கலாமா என்று விசாரித்தார்.