கிட்டாரின் மேற்பூச்சும் போனக்காட்டு ஈரமும்

ஆராதனைக்கென்று எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் நம் வாலிபர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். மரத்தின்மேல் பூசியிருப்பது என்ன என்று விசாரிப்பவர் அரிது. நோவாவின் பேழைக்குக் கீல் பூசப்பட்டதை வாசிக்கிற நாம் இதையும் சற்று அறிந்துகொள்வது நல்லது.

பழைய பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்வது. 1920-களில் டூபாண்ட் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்காக இதை 'டூகோ' என்ற பெயரில் விற்றது. நம் பெயிண்டர்கள் 'டூக்கோ அடிப்பது' என்று சொல்வது அந்தப் பெயரைத்தான். ஃபெண்டர் நிறுவனம் கார்களின் வண்ணங்களையே கிட்டார்களுக்கும் அடித்தது. 1960-களின் இறுதியில் பாலியெஸ்டருக்கு மாறியது.

லாக்கர் தின்னர் ஆவியாவதால் காய்வது. அடுத்த பூச்சு முந்தையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஆகையால் கீறலைச் சரிசெய்வது எளிது. பாலியெஸ்டரோ இரசாயன மாற்றத்தால் இறுகுவது. பிறகு தின்னருக்கும் கரையாது. தடிப்பாக, கண்ணாடிபோல் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். பலமாக அடிபட்டால் சில்லாகப் பெயரும். லாக்கர் மெல்லியது. வெயிலிலும் குளிரிலும் மரம் விரிந்து சுருங்க, அதில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். வெள்ளை தந்த நிறமாகும், நீலம் பச்சை சாயலாகும், முழங்கை உராயும் இடத்தில் மரம் தெரியும். ரப்பர் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினச் சகோதரி, 1964-இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், ஒரு மழைநாளில் வெள்ளை நிற கிப்சன் கிட்டாரை மீட்டிப் பாடினார். அதே வகைக் கிட்டார்கள் வெண்மை மங்கி, பழுப்பேறிய மஞ்சளாக இன்று காணப்படுகின்றன. இப்படிப் பழமையேறியதுபோல் புதுக்கிட்டாரையே சுரண்டி, அதிக விலைக்கு விற்கிறவர்களும் உண்டு! வாங்குகிறவர்கள் இருக்கும்வரை விற்பார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் போனக்காடு. விதுராவுக்கு அப்பால், அகஸ்தியர்கூடத்திற்கு ஏறும் பாதை தொடங்கும் தேயிலைத் தோட்டம். தோட்டம் நொடித்த பிறகு லயங்களிலிருந்த தமிழ்க் குடும்பங்களில் பல பட்டணங்களுக்குச் சென்றன. எங்கள் சிறு சபையில் பல்லாண்டு வாசித்த மூத்த சகோதரர் ஒருவரும் சென்றார். கிட்டாரைச் சபைக்கே விட்டுச் சென்றார். டூக்கோ அடித்த சிவப்புக் கிட்டார். அவர் முழங்கை பட்ட இடத்தில் ஒரு சாண் அளவுக்கு நிறமே இல்லை. ஆண்டுவிழாவுக்கு முன் அதைச் சுரண்டிப் புதுப்பூச்சு அடிக்க வாலிபர்கள் விரும்பி, என்னிடம் கேட்டார்கள்.

கழுத்து மூட்டுக்கு உட்புறம், வெளியே தெரியாத இடத்தில், துணியில் ஒரு துளி தின்னர் தொட்டு வைத்துப் பார்த்தேன். இளகியது; லாக்கர்தான். பூச்சு மெல்லியதானால் மரம் நன்றாக ஒலிக்கும் என்பார்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிக்கப் வாங்குகிறது. பூச்சின் வித்தியாசம் செவிக்கு எட்டுமா என்பது எனக்குச் சந்தேகமே. கைக்கு எட்டும் என்பது நிச்சயம். வியர்த்த கை புதுப் பளபளப்பில் ஒட்டும். அந்தப் பழைய கழுத்திலோ மேற்பூச்சு தேய்ந்து, விரல் வழுக்கிச் செல்கிறது. அந்த வழவழப்பை எந்த ஸ்பிரேயும் திருப்பித் தராது.

ஆனாலும் போனக்காட்டு ஈரத்தை மறக்கக்கூடாது. மழை மாதங்களில் துணிப்பையில் வைத்த கிட்டாரில் பூஞ்சணம் பூக்கும். பூச்சற்ற மரம் நீரை உறிஞ்சும். எனவே நிறம் போன இடத்தில் மட்டும் தெளிந்த லாக்கரை மெல்லியதாக இருமுறை பூசச் சொன்னேன். கழுத்தைத் தொட வேண்டாம் என்றேன். ஒரு சகோதரனுக்கு அது பிடிக்கவில்லை. சபைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றான். போதகர் கிட்டாரை வாங்கி, நிறமற்ற இடத்தைச் சற்று நேரம் தடவிப் பார்த்துவிட்டு, புதுக்கம்பிகள் மட்டும் வாங்கிவரப் பணம் கொடுத்தார். மழைக்காலத்திற்கென்று பாலியெஸ்டர் பூசிய கிட்டார் ஒன்று பின்னர் வாங்கப்பட்டது. சிவப்புக் கிட்டார் மற்ற மாதங்களில் வாசிக்கப்படுகிறது.