லோயர் தம்பி

நான் லோயர் இல்லை. பராலீகல். ஒன்ராறியோவில் 2007 முதல் எங்களுக்கும் உரிமம் உண்டு. வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கும் அதே சட்டச் சங்கம்தான் எங்களுக்கும் கொடுக்கிறது. வாடகை வழக்கு, வாகன டிக்கெட், சிறு தொகைக் கடன் வழக்கு இவற்றில் ஆஜராகலாம். விவாகரத்து, உயில், வீடு வாங்கி விற்பது கூடாது. கட்டணம் குறைவு. ஸ்காபரோவில் பேஸ்மென்டில் இருக்கும் சனத்துக்கு எங்கள் கட்டணம்தான் கட்டுப்படியாகும்.

வாடகை வீட்டிலிருந்து எழுப்பப் பார்க்கிறார்கள் என்று உதவி கேட்ட ஒரு அக்கா என்னை "லோயர் தம்பி" என்றா. நான் திருத்தவில்லை. கேட்க நல்லாயிருந்தது.

வீட்டுக்காரர் தந்த பேப்பரைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினா. மேல்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. படிவத்தின் பெயர் இருப்பது அங்கேதான். முழுப் படம் அனுப்பச் சொல்லவில்லை. இப்படி எழுப்புகிறவர்கள் வழக்கமாகக் கொடுப்பது என்-12. தனக்கே வீடு வேண்டும் என்ற நோட்டீஸ். அதுதான் என்று நானே முடிவுகட்டினேன். என்-12 என்றால் உடனே எழும்ப வேண்டியதில்லை. விசாரித்து உத்தரவு வரும்வரை இருக்கலாம். "பயப்படாதேங்கோ அக்கா, ஹியரிங் வரும், நான் வருவன்" என்றேன்.

அது என்-11. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வாடகையை முடிக்கும் உடன்படிக்கை. அதைக் காட்டி வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் விசாரணை இல்லாமலே வெளியேற்ற உத்தரவு வரும். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பெரிதாக்கினால் அடியில் அவவின் கையெழுத்துத் தெரிகிறது, தமிழில். என்-12இல் வாடகைக்கு இருப்பவர் கையெழுத்து வைப்பதேயில்லை. அதை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

உத்தரவு தபாலில் வந்தது. வெளியான நாளிலிருந்து 10 நாளுக்குள் ரத்துக் கேட்கலாம்; கேட்டால் வெளியேற்றம் நிற்கும். அக்கா அன்றே போன் எடுத்தா. ஹியரிங் திகதிக் கடிதம் என்று நினைத்து, "ஆறுதலாப் பார்ப்பம்" என்றேன். நான் ஆறுதலாகப் பார்த்தபோது தவணை போய்விட்டது.

அப்போதும் வழி இருந்தது. தவணையை நீட்டக் கேட்கலாம். ஆனால் ஏன் பிந்தியது என்று எழுத வேண்டும். காரணம் நான். இப்படி நடந்தால் கட்சிக்காரரிடம் பிழையைச் சொல்ல வேண்டும். வேறொருவரிடம் ஆலோசனை கேட்கச் சொல்ல வேண்டும். காப்புறுதிக்காரருக்கு அறிவிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். படிவத்தைத் திறந்தேன். காரணம் எழுதும் பெட்டிவரை வந்தேன். மூடிவிட்டேன். உரிமம் போய்விடுமோ என்ற பயம். ஊருக்குள் பெயர் கெடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

அக்காவிடம், "நீங்கள் கையெழுத்து வைச்சிட்டீங்கள், இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்றேன்.

அவ என்னிடம் மன்னிப்புக் கேட்டா.

ஷெரிஃப் வந்து பூட்டை மாற்றினார். அக்காவும் பிள்ளைகளும் சாமான்களைக் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மகன் பாதியில் பள்ளிக்கூடம் மாறினான். இப்போது உறவினர் வீட்டு ஹாலில் இருக்கிறார்கள். பிள்ளைகள் படுப்பது சோபாவில்.

மலிவாகப் போனால் இப்படித்தான் என்று சில லோயர்மார் சொல்வார்கள். என் தொழிலை இதில் இழுக்க வேண்டாம். சட்டக் கல்லூரி முடித்திருந்தாலும் அந்தப் படத்தை நான் இதே அலட்சியத்தோடுதான் பார்த்திருப்பேன். ஒரு பக்கத்தை முழுதாக வாசிக்கப் பட்டம் தேவையில்லை. என் உரிமம் எனக்குப் போதாமல் இருந்தது. அதற்கு மேலே ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பெயருக்கு ஏற்றபடி, பார்க்காமலே பதில் சொன்னேன்.

இதையெல்லாம் அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவவுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் உங்களிடம் சொல்கிறேன். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.