கசிவும் ஐயமும்

நீர் சொட்டும் இடம் ஒன்று. நீர் புறப்படும் இடம் மற்றொன்று. ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்கள் இதனை நன்கறிவர். மழைக்காலத்தில் கூடத்தின் நடுவே சொட்டுகிறதென்று, அதற்கு நேர்மேலே உள்ள ஓட்டை மாற்றிப் பயனில்லை. உடைந்த ஓடு எங்கோ மேலே இருக்கும். அங்கே நுழைந்த நீர் கைமரத்தின் வழியே இறங்கி வந்து, தனக்கு வாய்த்த ஓரிடத்தில் கீழே விழும். சிறு வயதிலேயே அறிந்த இப்பாடத்தை, ஐம்பத்தைந்தாம் வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிடம் மீண்டும் ஓத நேர்ந்தது. அதற்கு நாம் கொடுத்த விலை பெட்ரோலின் விலை மட்டுமன்று. ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

நம் வாப்பா 1988-இல் வாங்கிய வண்டி அது. கடற்கரை ஊரின் உப்புக் காற்றை இத்தனை ஆண்டுகள் தாங்கி இன்றும் ஓடுகிறது. பெட்ரோலின் அளவைக் காட்டும் முள் அதில் இல்லை. டாங்கின் மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டு, நனைந்த உயரத்தைக் கொண்டு அளவறிவோம். டாங்க் ஏறத்தாழ 14 லிட்டர் கொள்ளும். வீட்டுக்கும் மதரஸாவுக்குமாக ஓடிய வண்டிக்கு நாலைந்து லிட்டருக்கு மேல் நாம் ஊற்றியதில்லை. பக்கத்து ஊரில் மாலை வகுப்பு நடத்தும் பொறுப்பு வந்த பிறகே, மாதம் இருமுறை டாங்க் நிறைய ஊற்றும் வழக்கம் தொடங்கிற்று.

அத்துடன் ஒரு விந்தையும் தொடங்கிற்று. நிரப்பிய மறுநாட் காலையில் குச்சியை விட்டால் ஏறத்தாழ அரை லிட்டர் குறைந்திருக்கும். அடுத்தடுத்த இரவுகளிலும் அவ்வாறே. ஆனால் டாங்க் பாதியளவுக்கு வந்ததும் குறைவு நின்றுவிடும். பிறகு எத்தனை இரவு நிறுத்தினாலும் ஒரு சொட்டும் குறையாது. நாம் கண்ட முடிவு யாதெனில், எடுப்பவன் கெட்டிக்காரன் என்பதே. நிறைய இருக்கும்போது சிறிது எடுத்தால் தெரியாது, பாதியில் எடுத்தால் தெரிந்துவிடும் என்று அவன் கணக்கிடுகிறான் என எண்ணினோம். பாதியில் நின்றுவிடும் கசிவும் உண்டு என்பது நம் அறிவுக்கு எட்டவில்லை.

வண்டி நிற்பது வீட்டின் பின்புறத்து மணல் முற்றம். நிமிடத்திற்கு ஒரு மில்லி லிட்டர் கசிந்தாலும் எட்டு மணி நேரத்தில் 480 மில்லி லிட்டர் போய்விடும். மணலில் விழும் பெட்ரோல் குட்டையாய்த் தேங்குவதில்லை. பொழுது விடிவதற்குள் பெரும்பகுதி ஆவியாகிவிடும். கண்ணுக்குச் சான்று ஏதும் இல்லை. மூக்குக்கு இருந்தது. நம் வீட்டார் இருமுறை சொன்னார்கள்: "முத்தத்துல பெட்ரோல் வாடை தாங்கல." "பெட்ரோல் வண்டியில் அத்தர் வாடையா வரும்?" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தோம். 2021-இல் கொரோனாக் காய்ச்சல் கண்ட பின்னர் நம் மூக்கு மணத்தைச் சரிவர உணர்வதில்லை. நாம் பூசும் அத்தரையே நாம் அறியோம். தண்ணீர் மாசுபட்டதா என்று காண அதன் நிறம், மணம், சுவை மூன்றையும் பார்க்க வேண்டும் என ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாம், மூன்றில் ஒன்றை இழந்தவர் என்பதை மறந்து, அதனை உடையவரின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டோம்.

நிற்க. வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பின் வண்டியைத் துடைத்து வைப்பவர் மதரஸா விடுதியில் தங்கி ஓதும் ஒரு மாணவர். வயது பதினான்கு இருக்கும். தகப்பனார் இல்லாத பிள்ளை. அவருடைய சட்டையில் பெட்ரோல் வாடை வீசுவதாக விடுதிச் சமையற்காரர் ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நாம் வேடிக்கையாகக் கேட்கவில்லை. ஐயம் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. நாம் அவரைத் திருடர் என்று வாய்விட்டுக் கூறவில்லை. கூறியிருந்தால் மறுத்துரைக்கவேனும் அவருக்கு வழி கிடைத்திருக்கும். "இனிமேல் வண்டியைத் துடைக்க வர வேண்டாம்" என்றோம், அவ்வளவே. குச்சியில் நூல் கட்டி அடையாளம் வைத்தோம். வகுப்பில் முதலில் வாசிக்க அவரை அழைக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். மூன்று வாரம் இவ்வாறு கழிந்தது. பிள்ளை தலை நிமிரவில்லை.

அம்மூன்று வாரங்களில் நாம் நடத்திய பாடம் எது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஹிஜ்ரி 911-இல் மறைந்த இமாம் ஸுயூத்தி அவர்கள் தம் 'அல் அஷ்பாஹு வன்னளாயிர்' நூலில் விரித்துரைக்கும் ஐந்து பெரும் சட்ட விதிகளுள் ஒன்று, உறுதி ஐயத்தால் நீங்காது என்பது. ஒளுச் செய்தது உறுதி, முறிந்ததோ என்பது ஐயம் எனில், ஒளு நிலைத்தே நிற்கும். இவ்விதியின் கிளையே, மனிதன் அடிப்படையில் பொறுப்பு ஏதும் அற்றவன், சான்று வரும் வரை அவன்மீது எதனையும் சுமத்தலாகாது என்பது. இதனை நாம் விளக்க, அம்மாணவர் கடைசி வரிசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் ஐயங்களில் மிகுதியானவற்றையும் துருவி ஆராய்வதையும் ஒருசேர விலக்குகிறது. நாமோ வீட்டில் குச்சியில் நூல் கட்டிக்கொண்டிருந்தோம்.

மறுமுறை டாங்க் நிரப்பிய இரவில், கள்வனைத் தடுப்பதாக எண்ணி, வண்டியை முற்றத்தில் விடாமல் வீட்டின் முன்கூடத்தில் ஏற்றிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தோம். ஃபஜ்ருக்கு முன் தேநீர் வைக்க எழுந்த நம் வீட்டார் அடுப்படியிலிருந்து கூவினார்கள்: "லைட்டைப் போடாதீங்க! எதையும் பத்த வைக்காதீங்க!" கதவுகளையும் சன்னல்களையும் திறந்து, வண்டியை இருட்டிலேயே வெளியே தள்ளினோம். பொழுது புலர்ந்த பின் பார்த்தால், சிமெண்டுத் தரையில் என்ஜின் இருந்த இடத்தின் கீழே கையகல ஈரமும் அதனைச் சுற்றி மஞ்சள் படிந்த கறையும். பூட்டிய வீட்டுக்குள் கள்வன் வரவில்லை. கள்வனுக்கு அஞ்சி நெருப்பைத்தான் வீட்டுக்குள் அழைத்திருந்தோம்.

பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலந்தாலே ஒரு பொறிக்குக் காத்திருக்கும். விளக்கின் சுவிட்சில் தோன்றும் பொறியும் போதும். நம் முன்கூடத்திலிருந்து அடுப்படிக்கு இடைகழி ஒன்றே தூரம். அல்லாஹ்வின் அருளும் வீட்டாரின் மூக்கும் எங்களைக் காத்தன.

அன்று காலையே மெக்கானிக்கை அழைத்தோம். வண்டியின் அடியில் ஈரம் கண்ட இடம் கார்புரேட்டரின் அருகே. "கார்புரேட்டர்தானே?" என்றோம். அவர், "சொட்டுற இடத்தை நம்பக் கூடாது பாய், ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வரணும்" என்றார். ஓட்டு வீடு நம் நினைவுக்கு வந்தது.

அவர் செய்த ஆராய்ச்சியை வரிசையாகக் கூறுகிறோம்; பழைய வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படும். முதலில் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, அடிப்பாகம் முழுவதையும் உலரத் துடைத்தார். பிறகு பெட்ரோல் டேப்பை மூடிக் கால் மணி நேரம் காத்திருந்தார். டேப்பை மூடியதும் சொட்டு நின்றால் குற்றம் டேப்புக்குக் கீழே இருக்கும். ரப்பர் டியூப் வெடித்திருக்கலாம். அல்லது கார்புரேட்டரில் மிதவையின் ஊசி தூசு சிக்கிச் சரியாய் மூடாமல் பெட்ரோல் வழியலாம். நம் வண்டியில் டேப்பை மூடியும் சொட்டு நிற்கவில்லை. ஆகவே டியூபும் கார்புரேட்டரும் விடுதலை பெற்றன.

அடுத்து, டேப் டாங்கோடு சேரும் கழுத்தில் உலர்ந்த துணிநாடாவைச் சுற்றினார். அங்கே வாஷர் தேய்ந்திருந்தால் துணி நனையும். நனையவில்லை. டேப்பும் குற்றமற்றது. மிஞ்சியது டாங்க் ஒன்றே. "சாக்பீஸ் இருக்கா பாய்?" என்று கேட்டார். மதரஸாவில் அதற்கா பஞ்சம்? பொடித்துக் கொடுத்தோம். டாங்கின் அடித் தையல் நெடுகிலும், டாங்க் அமர்ந்திருக்கும் சட்டக் குழாயின் மீதும் அப்பொடியைத் தூவி, பேட்டரி விளக்கால் பார்த்தார். பத்து நிமிடத்தில் வெண்மையின் நடுவே கருத்த கோடு ஒன்று தெரிந்தது. அது முன்புறம் ஹேண்டில்பாரின் அடியில் தொடங்கி, சட்டக் குழாயின் வயிற்றோடு பின்னோக்கி ஓடி, கார்புரேட்டருக்கு மேலே வந்து கீழே சொட்டிற்று.

டாங்கைக் கழற்றிப் பார்த்தபோது, அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் முன் தாங்கியின் பற்றருகே மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. என்ஜினின் அதிர்வை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய இடம் அது. வெடிப்பு டாங்கின் நடு உயரத்தில் இருந்தது. பெட்ரோல் அதற்கு மேலே நிற்கும் வரை கசியும். கீழே இறங்கியதும் நிற்கும். நாம் கள்வனின் கெட்டிக்காரத்தனம் என்று கண்டது இந்த மயிரிழையின் உயரமேயாகும்.

டியூபையும் மாற்றச் சொன்னார். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் விகிதம் நம் நாட்டில் 2022 ஜூனில் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் பிரிந்து டாங்கின் அடியில் தங்கி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பழைய காலத்து ரப்பரையும் கெடுக்கும். ஆகவே பழைய வண்டியைப் பல மாதம் ஓட்டாமல் நிறுத்துவோர் இதனை மனத்திற் கொள்வது நலம்.

பற்றவைக்கும் வேலையை அவர் தம் கடையில் செய்யவில்லை. அதிற் பழகிய வேறொருவரிடம் அனுப்பினார். "நெறைஞ்ச டாங்கைவிட வெறும் டாங்க்தான் பாய் பயம்" என்றார். பெட்ரோலை வடித்த பின்னும் உள்ளே ஆவி நிற்கும். காற்றோடு கலந்த அவ்வாவியே வெடிப்பது. ஆகவே டாங்கை வெந்நீரால் பலமுறை கழுவி, வெடிப்பு மேலே இருக்கும்படி திருப்பி வைத்து, அதன் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, பிறகே பித்தளைப் பற்று வைத்தார்கள். இதனை வீட்டிலே செய்து பார்க்க எவரும் துணியலாகாது.

இவ்வளவுக்கும் இடையே மெக்கானிக் சொன்ன ஒரு சொல் நம்மைச் சுட்டது. "அடியில துணி விட்டுத் தொடைக்கிற ஆளுக்கு அப்பவே கையில ஈரம் தெரிஞ்சிருக்குமே பாய்." தெரிந்துதான் இருந்தது. பல வாரங்களுக்கு முன் அம்மாணவர், "ஹஜ்ரத், டாங்க் அடியில ஈரமா இருக்கு" என்று சொன்னதும், "நீ துடைத்த தண்ணீராக இருக்கும்" என்று நாம் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே விடை கூறியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அவர் சட்டையில் வீசிய வாடை களவின் வாடையன்று. நம் வண்டியைத் துடைத்த உழைப்பின் வாடை.

ஜும்ஆவுக்குப் பின் அவரைத் தனியே அழைத்தோம். ஆசிரியர் மாணவரிடம் மன்னிப்புக் கேட்பது நம் மதரஸாக்களில் வழக்கமில்லை. நாவு எழ நேரமாயிற்று. எதற்காக வண்டியைத் துடைக்க வேண்டாம் என்றோம் என்பதை மறைக்காமல் சொல்லி, பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டோம். அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "எனக்குத் தெரியும் ஹஜ்ரத். உம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க" என்றார். தம்மீது ஐயம் விழுந்தது என்பதைத் தாயார் அறிந்தால் மனம் நோவார் என்பதே அவர் கவலை. நாம் விடை கூற இயலாமல் அவர் தலையில் கை வைத்தோம்.

மறுநாள் வகுப்பில் முதலில் வாசித்தவர் அவரே. ஆயினும் அம்மூன்று வாரங்கள் அவர் வாழ்விலிருந்து போனவை போனவைதாம். எந்தப் பற்றும் அவற்றை அடைக்காது. நம் வீடுகளில், கடைகளில், மதரஸாக்களில் ஏதேனும் குறையும்போது நம் பார்வை முதலில் யார்மீது விழுகிறது? பெரும்பாலும் எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவர்மீது. பொருளைக் காணோம் என்றால் ஆளைத் தேடும் முன் ஓட்டையைத் தேடுவோமாக. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைத் தீய எண்ணத்திலிருந்து காப்பானாக. ஆமீன்.