படி தாண்டினால் சாயம் வெளுக்கும்

(மூன்றாம் ஆண்டு, கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் பிரிவு)

"ஆட்டோமேஷன்" என்ற வார்த்தையை நம் பிரிவில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறோம். "தானியங்கிக் கட்டுப்பாட்டின் நன்மைகள் யாவை?" என்று பரீட்சையில் கேள்வி வந்தால், நேரம் மிச்சம், ஆள் மிச்சம், தரம் ஒரே சீர் என்று மூன்று வரி எழுதினால் போதும், மார்க் விழுந்துவிடும். அந்த மூன்று வரிக்குள் அடங்காத ஒரு விஷயத்தைத் திருப்பூர் சாயப்பட்டறையை வைத்துச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. என் அப்பா சாயப்பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர். போன விடுமுறையில் நான் இன்பிளாண்ட் டிரெயினிங் போனதும் ஒரு சாயப்பட்டறைக்குத்தான். ஆகவே கையால் செய்ததும் கொஞ்சம் தெரியும், கம்ப்யூட்டர் செய்வதும் கொஞ்சம் தெரியும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் சாயம் போடுவது என்றால் கலர் தண்ணீரில் துணியை முக்கி எடுப்பது என்று நினைப்பார்கள். உண்மையில் அது வரிசையாகப் பல வேலைகள். நிட்டிங்கில் இருந்து வரும் பருத்தித் துணியில் இயற்கையான மெழுகும் பழுப்பு நிறமும் இருக்கும். அதைக் காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் 95 டிகிரிக்கு மேல் ஓட்டி வெளுக்க வேண்டும். பிறகு சுடுதண்ணீரில் அலச வேண்டும். அசிட்டிக் ஆசிட் விட்டுக் காரத்தை முறிக்க வேண்டும். துணியில் மிச்சம் இருக்கும் பெராக்சைடைக் கொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாயம், உப்பு, சோடா. அது முடிந்ததும் அலசல், மறுபடி ஆசிட், கொதிநிலைக்குப் பக்கத்தில் சோப்பு வாஷ், மீண்டும் அலசல், கடைசியில் சாஃப்ட்னர். இதற்குள் எட்டு ஒன்பது தடவை தண்ணீர் மாறிவிடும்.

இந்தப் படிகளில் ஒரு வினோதம் உண்டு. ஒரு படியில் விட்ட குறை அந்தப் படியில் தெரியாது. இரண்டு மூன்று படி தள்ளித்தான் பல்லைக் காட்டும். பெராக்சைடு சரியாகச் சாகவில்லை என்று வையுங்கள். துணி வெள்ளை வெளேர் என்று அழகாகத்தான் இருக்கும். சாயம் விட்ட பிறகு அந்த மிச்சப் பெராக்சைடு சாயத்தையே தின்றுவிடும். ஷேடு வெளிறும், திட்டுத் திட்டாக வரும். அதே போலக் காரம் முறியாமல் இருந்தால், நாம் சோடா விடுவதற்கு முன்பே சாயம் அங்கங்கே பிடித்துக்கொள்ளும்.

ஏன் இப்படி? இன்று பருத்திக்கு அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி புரோசியான் என்ற பெயரில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது துணிமேல் ஒட்டிக்கொள்ளும் சாயம் இல்லை, பருத்தி இழையோடு ரசாயன பந்தமே போட்டுக்கொள்ளும் சாயம். அந்தப் பந்தம் நடக்கக் காரம் வேண்டும். பரவலாகப் புழங்கும் வகைகளுக்கு 60 டிகிரி சூடு வேண்டும். உப்பு சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளும், சோடா அங்கேயே பூட்டிவிடும். பூட்டிய பிறகு திறக்க முடியாது. எனவே பூட்டுவதற்கு முன்பே சாயம் துணி முழுக்கச் சமமாகப் பரவியிருக்க வேண்டும்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வின்ச் மெஷின். பெரிய தொட்டி, மேலே சுழலும் உருளை, அதில் துணி வடம் போலச் சுற்றிச் சுற்றி வரும். நீராவி வால்வைத் திறப்பது கை. சூடு பார்ப்பதும் பாதி நாள் கைதான். சோடாவைக் கரைத்து மக்கில் ஊற்றுவதும் கை. காஸ்டிக் தெறித்த தழும்பு இன்றும் அவர் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. "சோடாவ எப்படிப்பா ஊத்துவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "மொதல்ல கொஞ்சூண்டு காட்டோணும் கண்ணு. துணி ரெண்டு சுத்து வரட்டும்னு உடோணும். அப்புறம் கொஞ்சம் சேத்தி. கடைசீல மிச்சத்த உட்டா ஒண்ணும் பண்ணாது. அவசரப்பட்டு ஒரேடியாக் கொட்டுனீன்னா துணி புலித்தோல் மாதிரி ஆயிரும்" என்றார்.

டிரெயினிங்கில் கன்ட்ரோலர் திரையில் டோசிங் கிராஃப் பார்த்தேன். "புரோகிரசிவ் டோசிங்" என்று பெயர். கோடு முதலில் தட்டையாகப் போய்ப் பிறகு மெல்ல நிமிர்ந்து மேலே ஏறுகிறது. அதாவது முதலில் கொஞ்சூண்டு, அப்புறம் கொஞ்சம் சேர்த்து, கடைசியில் மிச்சம். அப்பாவின் கை மக்கால் போட்ட கோடு அது! சாஃப்ட்வேர் எழுதிய ஆள் எந்த ஊர்க்காரரோ தெரியாது. ஆனால் எங்கோ ஒரு சாயக்காரரின் கையைப் பார்க்காமல் அந்தக் கோட்டை வரைந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

வின்ச் ஏன் போனது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத் தண்ணீர் அதிகம். ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் என்று கணக்கு வைத்தால், 300 கிலோ லாட்டுக்கு ஒரு தடவைக்கு 6,000 லிட்டர். இன்றைய சாஃப்ட் ஃபுளோ மெஷினில் ஒரு கிலோவுக்கு 6 லிட்டர் என்றால் 1,800 லிட்டர்தான். எட்டுத் தடவை தண்ணீர் மாற்றினால் 48,000 லிட்டர் எங்கே, 14,400 லிட்டர் எங்கே! நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பட்ட பாடு ஊரறிந்தது. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்பா வேலை பார்த்த பட்டறையும் மூடியது. பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு உள்ளவை மட்டுமே திறந்தன. அந்தத் தண்ணீரைச் சவ்வு வழியே தள்ளி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். அதற்கு ஆகும் கரண்ட்டும் விறகும் கொஞ்சநஞ்சம் இல்லை. எனவே ஒரு லாட் கெட்டு மறுபடி சாயம் போட்டால் சாயக்காசு மட்டும் நஷ்டம் இல்லை, ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் இரண்டாம் முறை தண்டம் கட்டுகிறோம். முதல் தடவையிலேயே சரியாக வருவதுதான் பட்டறைக்கு உயிர்.

இங்கேதான் நம் பாடம் உள்ளே வருகிறது. 1969-இல் அமெரிக்காவில் டிக் மார்லி குழுவினர் மோடிகான் 084 என்ற முதல் பி.எல்.சி.க்களில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது கார்த் தொழிற்சாலையின் ரிலே பேனல்களுக்கு மாற்றாக வந்தது. 1977-இல் பிரான்ஸில் கிராஃப்செட் என்ற வரைபட முறை உருவானது. நாம் மூன்றாம் ஆண்டில் படிக்கும் சீக்வென்ஷியல் ஃபங்ஷன் சார்ட்டுக்கு அதுதான் தாய். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு கட்டம். இரண்டு கட்டத்துக்கு நடுவே ஒரு சின்னக் குறுக்குக்கோடு, பக்கத்தில் ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனை உண்மையானால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

நாம் எல்லாரும் கட்டத்துக்குள் இருப்பதைத்தான் மனப்பாடம் செய்கிறோம். பம்ப் ஓடு, வால்வு திற, நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி ஏற்று. சாயப்பட்டறையில் உயிர் இருப்பது குறுக்குக்கோட்டில். "முடிந்தது" என்று எதை வைத்துச் சொல்வது? சூடு என்றால் பி.டி.100 சென்சார் சொல்லிவிடும். 0 டிகிரியில் 100 ஓம், 60 டிகிரியில் சுமார் 123 ஓம். தண்ணீர் அளவை லெவல் சென்சார் சொல்லும். மூடியை எடுத்துக்கொள்ளுங்கள், அழுத்தம் இறங்காமல் திறக்கவே விடாத இன்டர்லாக் இருக்கிறது. வின்ச்சில் வெந்த கைகளை நினைத்தால் அந்த ஒரு இன்டர்லாக்குக்கே கும்பிடு போடலாம்.

ஆனால் பெராக்சைடு செத்ததா என்பது? அதைக் கொல்லக் கேட்டலேஸ் என்ற என்சைம் விடுகிறார்கள். அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். கொதிக்கும் காரத் தண்ணீரில் விட்டால் என்சைமே செத்துப்போகும். ஆறவைத்து, காரம் முறித்து, பிறகுதான் விட வேண்டும். கடைசியில் டெஸ்ட் ஸ்டிரிப்பை நனைத்துப் பார்க்க வேண்டும். நீலமாக மாறினால் பெராக்சைடு இன்னும் இருக்கிறது. நான் பார்த்த மெஷினில் இதற்கு சென்சார் இல்லை. புரோகிராம் நின்று, பஸ்ஸர் அடித்து, மனிதனைக் கூப்பிடும். அவர் பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கினால் அடுத்த படி.

டிரெயினிங்கில் ஒருநாள் வெளிர் நீலத்தில் ஒரு லாட் முழுக்கத் திட்டாக வந்தது. மாஸ்டர் கன்ட்ரோலர் பதிவை எடுத்துப் பார்த்தார். ஸ்டிரிப் பார்க்கும் படியில் மெஷின் காத்திருந்த நேரம் 9 விநாடி. ஒன்பது விநாடியில் மெஷினில் இருந்து தண்ணீர் எடுத்து, ஸ்டிரிப்பை நனைத்து, நிறம் வருமா என்று பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. ஆபரேட்டர் ஒடிசாவில் இருந்து வந்த ஓர் அண்ணன். அவருக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை.

நான் அன்று ஷிஃப்ட் முடியும்வரை அந்தப் பேனல் பக்கத்திலேயே நின்று எண்ணினேன். ஒரு லாட்டுக்குப் பன்னிரண்டு தடவை பஸ்ஸர் அடித்தது. துணி ஏற்று என்றும் அதே பஸ்ஸர், சாயம் கரைத்தாயா என்றும் அதே பஸ்ஸர், ஸ்டிரிப் பார் என்றும் அதே பஸ்ஸர். ஒரு ஆளுக்கு மூன்று மெஷின். திரையில் வருவது இங்கிலீஷ். எல்லாவற்றுக்கும் பதில் ஒரே பச்சைப் பட்டன். "சத்தம் கேட்டது" என்பதற்கும் அதே பட்டன், "பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது" என்பதற்கும் அதே பட்டன். இரண்டு வேறு கேள்விக்கு ஒரே பதிலை வைத்துவிட்டு, பதில் தப்பு என்று ஆளைத் தண்டிப்பது என்ன நியாயம்? அமுக்கியது அந்த அண்ணன் விரல்தான். ஆனால் அந்தப் படியைத் தாண்ட வழி வைத்தது புரோகிராம்.

இதைத்தான் நாங்கள் மூன்று பேர் இந்த வருஷ ப்ராஜெக்ட்டாக எடுத்தோம். நம் லேப் பி.எல்.சி., ஒரு 20 லிட்டர் டிரம், ஹீட்டர், சின்னப் பம்ப், ஒரு பி.டி.100. பஸ்ஸரை நிறுத்த ஒரு பட்டன், முடிவைச் சொல்ல வேறு பட்டன்கள். முடிவுப் பட்டன்களில் எழுத்தே கிடையாது. ஸ்டிரிப்பில் வரும் நிறத்தையே மேலே ஒட்டினோம்: வெள்ளை, இளநீலம், அடர்நீலம். தமிழ் தெரிந்தவருக்கும் புரியும், ஒடியா தெரிந்தவருக்கும் புரியும். பஸ்ஸர் அடித்து ஒரு நிமிஷம்வரை எந்த நிறப் பட்டனை அமுக்கினாலும் மெஷின் ஏற்காது. நீலத்தை அமுக்கினால் புரோகிராம் சாயத்துக்குப் போகாது. இன்னும் பத்து நிமிஷம் என்சைம் ஓட்டிவிட்டு மறுபடி கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு அப்பாவைக் கூட்டிவந்தேன், வாத்தியாரிடம் அனுமதி வாங்கித்தான். எங்கள் வீட்டில் காலேஜ் கேட்டைத் தாண்டியதில் நான் முதல், அப்பா இரண்டாவது! செருப்பை வாசலிலேயே கழற்றப் போனார், வேண்டாம் என்றேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். ஸ்டிரிப்பை நனைத்தார், இளநீலத்தை அமுக்கினார், மெஷின் திரும்பிப் போவதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "ஏங்கண்ணு, நைட் ஷிஃப்ட்ல ஸ்டிரிப் தீந்து போச்சுன்னா என்ற பண்ணுவான் அவன்?"

அவ்வளவுதான். ஸ்டிரிப் டப்பா காலியானால் ஆபரேட்டருக்கு இருக்கும் ஒரே வழி வெள்ளையை அமுக்குவதுதான். பொய் சொல்ல அவரை நாம் கட்டாயப்படுத்துகிறோம். அப்பா கேட்டதில் இருந்து நான்காவது பட்டன் பிறந்தது. காலி டப்பா படம் போட்ட பட்டன். அமுக்கினால் மெஷின் அந்தப் படியிலேயே துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கும், மாஸ்டர் ரூமில் விளக்கு எரியும், பதிவில் "ஸ்டிரிப் இல்லை" என்று நேரத்தோடு ஏறும். மறுநாள் காலையில் யாரும் யார்மேலும் பழி போட முடியாது. எங்கள் ப்ராஜெக்ட்டில் விலையுயர்ந்த பாகம் பி.எல்.சி. என்றால், விலைமதிப்பில்லாத பாகம் அந்தப் பட்டன்.

இந்த இடத்துக்கு ரெடாக்ஸ் சென்சார் வைத்து ஆளே இல்லாமல் செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். செய்யலாம், அப்படியும் வைக்கிறார்கள். ஆனால் அந்த சென்சாரையும் ஒருவர் கழுவ வேண்டும், அளவு சரிபார்க்க வேண்டும். கழுவாவிட்டால் மெஷின் யாரைக் கூப்பிடும் என்று மறுபடியும் ஒரு குறுக்குக்கோடு வரும். மனிதன் நிற்கும் இடம் தள்ளிப்போகுமே தவிர, காணாமல் போகாது.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் சர்க்கரை ஆலைக்குப் போவோம், சிலர் பால் பண்ணைக்கு, சிலர் மருந்து கம்பெனிக்கு. எங்கு போனாலும் படிப்படியான வேலைதான். அங்கே அந்த வேலையைக் கையால் செய்த ஓர் ஆள் நிச்சயம் இருப்பார். ஒருவேளை இப்போது அவரை டிராலி தள்ள விட்டிருப்பார்கள். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் அவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலை முடிஞ்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?" அவர் சொல்லும் பதிலை அப்படியே அந்தக் குறுக்குக்கோட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.